துக்க மணிப் பிரசாரம்

கொழும்பில் இருந்து வந்து ஒரு கிழமை போவதற்குள் கிறகரி தன் அண்ணன் வலன்ரைனைச் சம்மதிக்க வைத்துவிட்டான்.

வலன்ரைன் அவ்வளவு இலகுவில் மசிகிற ஆளில்லை. பேசாலையில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர்தான். ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதலில் கோயிலில் துக்க மணி அடிக்கும். மணி ஓய்ந்ததும் ஓட்டோவின் கூரையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு அடக்கம் என்று சொல்வதும் அவர்தான். எந்தக் கட்சிக்காரன் வந்து கேட்டாலும் பெட்டியையும் குழாயையும் வாடகைக்குக் கொடுப்பார். குரலைக் கொடுக்க மாட்டார்.

இந்தத் தேர்தலில் கொடுத்தார். எதிர்ப்பக்கம் நிற்பது அமிர்தநாயகம் என்பதுதான் காரணம்.

அமிர்தநாயகம் அவருடைய மனைவி மதலேனாவின் கூடப்பிறந்த அண்ணன். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபோது மனைவி அருளம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரத்துக்குப் படகு ஏறினார். தாய் அந்தோனியம்மா ஏறவில்லை. அடுத்த மாதமே மடு அகதி முகாமில் காய்ச்சல் கண்டு மதலேனாவின் மடியில் செத்துப்போனாள். சில வருடம் கழித்து அமிர்தநாயகம் திரும்பி வந்தபோது மதலேனா அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அதன் பிறகு பேச்சில்லை. ஒரே கோயில், ஒரே ஞாயிறு பூசை. அவர் ஒரு வாசலால் வெளியே போவார், அவள் மற்ற வாசலால் போவாள்.

தாயின் நினைவு நாளில் மதலேனா பூசை முடிந்து வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று தெரியாமல் வலன்ரைன் முதுகைத் தடவிக்கொண்டு இருப்பார். போன வருடம்தான் அவள் வாய் திறந்தாள். "பெட்டி தூக்க மகன் இல்லை" என்று சொன்னாள். அவ்வளவுதான். தம்பி வந்த சந்தோசத்தில் குடித்த ஒரு பின்னேரம், வலன்ரைன் அதைக் கிறகரியிடம் சொல்லிவிட்டார்.

கிறகரி கொழும்பில் ஒரு விளம்பரக் கந்தோரில் வேலை செய்கிறவன். அமிர்தநாயகத்தை எதிர்த்து நிற்கும் கட்சிக்காரர்கள்தான் அவனைத் தேர்தல் வேலைக்கு வரவழைத்திருந்தார்கள்.

அன்று காலை இருவரும் வலன்ரைனின் ஒலிபெருக்கிக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவுக்கு உட்கார்ந்தார்கள். எதிரொலி அடங்குவதற்குச் சுவரில் சாக்குத் தொங்கியது. கிறகரி ஒரு தாளை நீட்டினான்.

'அமிர்தநாயகம். குடைச் சின்னம். தொண்ணூறாம் ஆண்டு இவர் படகு ஏறினார். பெற்ற தாய் கரையில் நின்றார். தாய் மடுவில் இறந்தார். பெட்டி தூக்க மகன் இல்லை. தாயைக் கரையில் விட்டவர் உங்களை எங்கே விடுவார்?'

"இவ்வளவுதானோ?" என்றார் வலன்ரைன்.

"இவ்வளவுதான். கூட எழுதினாச் சனம் யோசிக்கத் தொடங்கிடும்."

"கள்ளன், துரோகி எண்டு ஒண்டும் இல்லையே. உங்கட ஆக்கள் மேடையில வேற என்னத்தைப் பேசினம்?"

"திட்டினா, திட்டினவன் ஆரெண்டு சனம் திரும்பிப் பாக்கும். இதில எங்கட கட்சியின்ர பேர் இருக்கோ? இல்லை. ஒரு வரி பொய் இருக்கோ? பாத்துச் சொல்லுங்கோ."

வலன்ரைன் மறுபடி வாசித்தார். பொய் இல்லை.

"அதுதான் அண்ணன் விசயம். பொய்யெண்டா மறுக்கலாம். இதை என்னெண்டு மறுக்கிறது? 'நான் தாயைக் கைவிடேல்லை' எண்டு அவர் மைக்கில சொல்லட்டும். கேள்விப்படாத சனத்துக்கும் போய்ச் சேரும், அவற்ற வாயாலயே."

"கடைசியில ஏன்ரா கேள்வி?"

"மறுமொழியைச் சனம் தானே சொல்லிக்கொள்ளும். தான் சொன்ன மறுமொழியில ஆருக்கும் சந்தேகம் வராது. கொழும்பில சவர்க்காரத்துக்கு இப்பிடித்தான் எழுதினனாங்கள். மற்றச் சவர்க்காரம் கூடாதெண்டு சொல்லப்படாது. 'உங்கட பிள்ளையின்ர தோலுக்கு எதைப் போடுறீங்கள்?' எண்டு மெல்லமாக் கேட்டாக் காணும். தாய்மார் கடைக்கு ஓடுவினம்."

"நாசமாப் போவாய்," என்று வலன்ரைன் சிரித்தார்.

கிறகரி ரேப்பைத் தட்டினான்; நாடா சுழன்றது. ஒரு மணி. நீண்ட இடைவெளி. இன்னொரு மணி.

வலன்ரைனின் சிரிப்பு நின்றது. "இது எங்கட கோயில் துக்க மணியெல்லோ?"

"ஓம். போன ஞாயிறு சின்னராசாவின்ர அடக்கத்தில பிடிச்சனான். முதல்ல மணி, பிறகு உங்கட குரல். கையில இருக்கிறதை வைச்சிட்டுக் கேப்பினம்."

"வேண்டாம். கோயில் மணியைக் கட்சிக்கு அடிக்கிறது சரியில்லை."

"ஆர் அடிச்சது? ரேப்தானே."

"வேண்டாமெண்டு சொல்லுறன்."

கிறகரி ரேப்பை நிறுத்தினான்.  "நான் கட்சிக்குச் செய்யிறன், சரி. நீங்கள் அண்ணிக்குச் செய்யுங்கோ. இவ்வளவு காலமும் அவ வாய்விட்டுக் கேக்காததை நீங்கள் கேக்கிறியள். அவ்வளவுதான்."

எந்த இடத்தில் அழுத்தினால் அண்ணன் இளகுவார் என்று தெரிந்துகொள்ள அவன் கொழும்புக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

வலன்ரைன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். சாவு சொல்லும் குரலிலேயே வாசித்தார். கோபமில்லை, அவசரமில்லை. ஒரே தரத்தில் சரிவந்தது. கிறகரி மணியை முன்னால் சேர்த்து, அதை மூன்று ரேப்பில் பிரதி எடுத்துக்கொண்டு, ஓட்டோவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டான். வலன்ரைன் பழுதாய்ப்போன ஒரு குழாயைக் கழற்றத் தொடங்கினார். மதலேனா கேட்டால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லமாட்டாள், வந்து பக்கத்தில் இருப்பாள் என்று நம்பினார்.

*

மதலேனா கடற்கரைக் கருவாட்டு வாடியில் இருந்தாள். மழை விட்டு வெளித்த நாள். விட்டால் பிடிக்க முடியாத வெயில். பெண்கள் கிடுகில் பரப்பிய மீனை அவசர அவசரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மணி அடிக்குது," என்றாள் ராக்கம்மா. மலைநாட்டில் இருந்து வந்து வன்னியில் குடியேறி, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து இங்கே வந்தவள். "யாரு செத்தது?"

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். வாடைக்காற்று கடலில் இருந்து ஊர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் எழும் சத்தம் கரைக்குத் துண்டு துண்டாகத்தான் வரும்.

வலன்ரைனின் குரல் வந்தது. "அமிர்தநாயகம்."

காற்று.

"...இறந்தார். பெட்டி தூக்க..."

பிறகு ஓட்டோ வேறு ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது.

அந்த நாட்களில் தேர்தலுக்கு நிற்கிறவன் செத்தான் என்றால் எப்படிச் செத்தான் என்று யாரும் கேட்பதில்லை. யார் சுட்டது என்றுதான் கேட்பார்கள். அதையும் மெதுவாகக் கேட்பார்கள். ராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு மதலேனாவைப் பார்த்தாள்.

மதலேனா அதற்குள் எழுந்து ஓடத் தொடங்கியிருந்தாள்.

சாத்திய கதவோ பேசாத வருடங்களோ அவளுக்கு நினைவில் வரவில்லை. சின்ன வயதில் அண்ணன் அவளைத் தோளில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோனதும் நினைவில் வரவில்லை. ஓடுகிறவளுக்கு அதற்கெல்லாம் இடமில்லை. வீட்டில் ஆண்துணை இருக்கிறதா, அருளம்மா தனியாகவா கிடந்து அழுகிறாள் என்றுதான் நினைத்தாள்.

நேவிக் காவலரணில் பொடியன் தடியைக் குறுக்கே போட்டு எங்கே ஓடுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். என் அண்ணன் என்பதற்கு இரண்டு சொல் அவளுக்குத் தெரியும்.

"மகே ஐயா," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தடியை எடுத்துவிட்டான்.

*

அமிர்தநாயகம் முற்றத்தில் கதிரை போட்டு, வேலியில் கண்ணாடியைச் செருகி, முகம் வழித்துக்கொண்டிருந்தார். பின்னேரம் கூட்டம். ஒரு பக்கம் வழித்தாயிற்று, மற்றப் பக்கம் நுரை.

படலை இடிபட்டுத் திறந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் யாரோ அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்கள். கன்னத்தைத் தடவி, கழுத்தைத் தடவி, நெஞ்சில் ஓட்டை இருக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"உப்புக் கையால தொடாதயடி," என்றார் அமிர்தநாயகம். "வெட்டின இடம் எரியுது."

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் தங்கையோடு பேசிய முதல் பேச்சு அது.

"சாகேல்லையோ அண்ணன்?"

"இன்னும் இல்லை. தேர்தல் முடியட்டும், பாப்பம்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அவருடைய முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவருக்குச் சவரக்கத்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை அவள் தலையில் வைத்தார். தலை முழுக்க மீன் செதில்.

அதற்குள் கரையில் கிளம்பிய கதை பரவி, ஊர் வரத் தொடங்கிவிட்டது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அயல்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். கரையில் அரைகுறையாகக் கேட்ட பெண்களில் ஒருத்தி ஒரு பேசின் நிறையப் பாணும் கேத்தலில் தேத்தண்ணியுமாக வந்தாள். கோயில் மண்டபத்துக் கதிரைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அயல் வீட்டுப் பெனடிக்ற் வந்தான். பின்னால் வந்தவர் படலையில் கட்ட வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தார்.

பெனடிக்ற் கதிரையை இறக்காமலே நின்றான். "இவர் உயிரோட இருக்கிறார்."

"ஓம், இருக்கிறன். கதிரையை இறக்கு. பின்னேரம் கூட்டத்துக்கு உதவும்."

மதலேனாவின் பின்னால் ஓடிவந்திருந்த ராக்கம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அருளம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, தன் புருசனுடைய சாவுக்கு வந்த கூட்டத்தைக் கண்டு, என்னவென்று விளங்காமல் தானும் சிரித்தாள். பாணைப் பிய்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அப்போது ஓட்டோ அந்த ஒழுங்கைக்குள் வந்தது. வேலிக்கு அப்பால் மணி அடித்தது. இந்த முறை காற்று குறுக்கே வரவில்லை. முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் முழுதாகக் கேட்டது.

பிறகு முற்றத்தில் ஒருவரும் பாண் தின்னவில்லை. அமிர்தநாயகத்துக்காக அழ வந்த சனத்தால் இப்போது அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளைத் துணி கொண்டுவந்தவர் அதை மடிக்கத் தொடங்கினார்.

மதலேனாவின் காதில் ஒரே ஒரு வரிதான் நின்றது. பெட்டி தூக்க மகன் இல்லை. அது அவளுடையது. விளக்கணைத்த அறையில், புருசனுக்கு மட்டும் சொன்னது.

"சொல்லுங்கோ," என்றாள் அருளம்மா தன் புருசனிடம். "சனம் நிக்குது. இப்பவாவது சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்லுறது? படகு ஏறினனான். அம்மா கரையில நிண்டவ. அதில பொய் இல்லை."

"மிச்சம்?"

"மிச்சம் வேண்டாம்." அவர் நுரையைத் துடைத்தார். "அருளம்மா, வாயை மூடு."

"இவ்வளவு காலமும் மூடினனான்."

அவள் மதலேனாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். சுற்றி வளைக்கவில்லை.

"மாமி படகில ஏறி இருந்தவ. எனக்குப் பக்கத்தில, உடுப்பு மூட்டையை மடியில வைச்சுக்கொண்டு. நேவி வருதெண்டு கேள்விப்பட்டுப் படகுக்காரன் நேரத்தோட எடுத்திட்டான். நீ வரேல்லை. பிள்ளை கரைக்கு வந்து ஒருத்தரையும் காணாமல் தேடுமெண்டு சொல்லிக்கொண்டு மனிசி இறங்கிட்டுது, இடுப்பளவு தண்ணியில. உன்ர கொண்ணன் பின்னால குதிச்சவர். மனிசி தள்ளித் தள்ளி அவரைத் திருப்பி ஏத்தினது. என்ர வயித்தில பிள்ளை."

"படகில இடமில்லையெண்டு அம்மா சொன்னவ."

"உனக்கு வேற என்னத்தைச் சொல்லுவா?"

 படகு எடுத்த அன்று பொழுதுபடுமுன் மதலேனாவைக் கரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று நினைத்து, கோயிலுக்குப் பின்னால், அப்போது இன்னும் அவளைக் கட்டாத வலன்ரைனிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு நின்றாள். இருவருக்கும் கையை விட மனம் வரவில்லை. கரைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. தாய் தனியாக நின்றாள், சீலை நனைந்திருந்தது. அலை அடித்ததா என்று கேட்டாள் மதலேனா. ஓம் என்றாள் தாய்.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை, மச்சாள்?"

"உன்ர கொண்ணன் விடேல்லை. தங்கச்சிக்கு என்னில கோவம் இருக்கட்டும், அவளுக்குத் தன்னில கோவம் வரக்கூடாதெண்டு சொன்னவர்."

*

கடைக்கு வந்த இரண்டாவது ஆளும் "அடக்கம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டபோதுதான், அமிர்தநாயகம் செத்தார் என்று ஊர் நினைத்துவிட்டது வலன்ரைனுக்கு விளங்கியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். மச்சான் வீட்டு ஒழுங்கையில் ஓட்டோவை மறித்து, ரேப்பை நிறுத்தினார்.

"பாத்தீங்களோ அண்ணன்," என்றான் கிறகரி. "ஒரு சுற்றுத்தான் போனது. ஊரே வந்து நிக்குது."

"அவள் எங்க?"

"உள்ள."

வலன்ரைன் படலையோடு நின்றார்.  சனத்துக்கு நடுவில் இருந்து அமிர்தநாயகம்தான் கூப்பிட்டார்.

"வாரும் மச்சான். என்ர செத்தவீட்டுப் பாண் கிடக்கு. பழுதாப் போகுமுன்னம் சாப்பிடும்."

மதலேனா குசினியை விட்டு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நேரே புருசனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் உங்களுக்குச் சொன்னதையோ ஊருக்குச் சொன்னியள்?"

"உனக்காகத்தான் செய்தனான்."

"நான் கேட்டனானோ?"

"இல்லை." அவர் அவளைப் பார்க்கவில்லை. "நீ அழுறதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல் செய்தனான். எல்லா ரேப்பையும் அழிக்கிறன். இப்பவே."

"ஒண்டு தலைமன்னாருக்குப் போயிட்டுது," என்றான் கிறகரி. "மற்றது அரிப்புக்குப் பஸ்ஸில."

"அப்ப நான் போய் மறுத்துச் சொல்லுறன்."

"மறுத்தா இரண்டு தரம் கேக்கும், அண்ணன். காலமையே சொன்னனான்."

"மறுக்க ஒண்டும் இல்லை," என்றாள் மதலேனா. "நீங்கள் பாதியைச் சொன்னனீங்கள். மற்றப் பாதியை நான் சொல்லுறன்."

அமிர்தநாயகம் கதிரையை விட்டு எழுந்தார். "வேண்டாமடி. பெடியனோட நிண்டு தாயைச் சாகக் குடுத்தவள் எண்டு சொல்லுவினம். உனக்கொரு மகள் வளருறாள். வோட்டு எனக்கு அடுத்த முறையும் கேக்கலாம்."

"சொல்லட்டும்."

"மதலேனா."

"என்ன அண்ணன்?"

 அவள் அப்படிக் கூப்பிட்டதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

அவள் ஓட்டோவின் பின்னிருக்கையில் ஏறினாள். வலன்ரைனுக்கு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று இன்னும் தெரியாது. அன்றைக்கு அவளுடைய கையை விடாமல் நின்றது தான்தான் என்பது அந்த மற்றப் பாதியில் வரும் என்றும் தெரியாது. கிறகரி அவருடைய காதோடு சொன்னான். "விடாதயுங்கோ. உங்கட மனிசியே ஏறிப் பேசினா எங்கட வேட்பாளர் கவிண்டார்."

வலன்ரைன் பெட்டியில் இருந்த ரேப்பைக் கழற்றித் தம்பியின் சட்டைப் பையில் போட்டார். ஓட்டோவுக்குள் ஏறி மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். வயரைச் செருகி, மைக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். அவர் தன்னுடைய கையால் அதைப் பிடித்து, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"வாய்க்குக் கிட்டப் பிடிக்காத. நீ மூச்சு விடுறது கேக்கும்."

சுவிச் ஏற்கனவே போட்டிருந்தது.

"கேக்கட்டும்," என்றாள் மதலேனா. அது இரண்டு குழாயிலும் கேட்டது.